இரண்டாவது குளிசை

கொட்டாஞ்சேனை
12.04.1991

அண்ணி,

இப்படி எழுதலாமா என்று யோசித்தே மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். "திருமதி அருந்ததி அவர்கட்கு" என்று ஒரு தாள், பெயரே இல்லாமல் இன்னொன்று. என் அண்ணனைக் கட்டியவரை வேறு என்னவென்று கூப்பிடுவது? கோபம் வந்தால் வரட்டும். நான் பேர்ணடெற், ஹெக்டர் அண்ணாவின் தங்கச்சி. சுகமா என்று கேட்க எனக்கு முகமில்லை. கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவில் ஒரு பஸ் ஓட்டம்தான். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பஸ்ஸில் ஏறாதவள் இப்போது தபாலில் சுகம் கேட்கக் கூடாது.

கிழிப்பதென்றாலும் வாசித்துவிட்டுக் கிழியுங்கள். இது உயிர்க் காரியம்.

என் மூத்தவன் கிளெமென்றுக்கு இருபது வயது. துறைமுகத்தில் வேலை. மார்ச் மாதம் கூட்டாளிமாரோடு தலவில அன்னம்மா கோயில் திருநாளுக்குப் போய் நாலு நாள் ஓலைக் கொட்டிலாய் வாடி போட்டுத் தங்கியிருந்தான். வந்து இரண்டு கிழமையில் காய்ச்சலும் நடுக்கமும். இரத்தம் சோதித்து மலேரியா என்றார்கள். இரண்டு வகைக் குளிசை தந்தார்கள். முதலாவது காய்ச்சலை நிற்பாட்ட, இரண்டாவது அது திரும்பி வராமல் இருக்க. மூன்றாம் நாள் காலை கக்கூசுக்குள் இருந்தே என்னைக் கூப்பிட்டான். "அம்மா, சலம் கறுப்பாப் போகுது. பால் விடாத கோப்பி மாதிரி."

பொலநறுவையிலிருந்து நீங்கள் அடித்த தந்தியில் இருந்த வரிதான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பின்னேரத்துக்குள் அவனுக்குக் கண் மஞ்சளாகி இடுப்பும் நாரியும் நோகத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே டொக்டர் லுத்பியா என்று ஒரு பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது. குளிசைப் பையை வாங்கிப் பார்த்த உடனே, "இந்த ரெண்டாவது குளிசைய இனிக் குடுக்கவே வேணாம்" என்றார். பிறகு என்னை இருத்திவைத்து என் அம்மா பக்கத்து ஆம்பிளைகளை ஒவ்வொருவராக விசாரித்தார். "பயப்புடாதீங்க, இது வருத்தம் இல்ல. பொறப்புல உள்ள ஒரு கொற. மருந்து உள்ள போனாத்தான் தெரியும்" என்றார். இரத்தத்தின் சிவப்பு அணுக்களைக் காக்கிற ஒரு சத்து சிலருக்குப் பிறவியிலேயே குறைவாம். சும்மா இருக்கும்போது எருமை மாதிரித் திரிவார்கள். அந்தக் குளிசையோ வேறு சில மருந்துகளோ போனால் அணுக்கள் உடைந்து சலத்தோடு போகுமாம். பக்கத்தில் இருப்பவர் அதே குளிசையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போவாராம்.

தாய்மார் மூலமாக மகன்மாருக்கு வருகிறதாம் இது. என் அம்மாவிடமிருந்து ஹெக்டர் அண்ணாவுக்கு வந்திருக்கிறது. எனக்கும் வந்து, என்னை ஒன்றும் செய்யாமல், என் பிள்ளையைப் பிடித்திருக்கிறது. அண்ணி, அண்ணாவைக் கொன்றது நீங்கள் இல்லை. இந்த ஒரு வசனத்தை எழுதத்தான் இவ்வளவு தாளும்.

இன்னொன்று. தகப்பனுக்கு இருந்தால் அவருடைய மகள்மாருக்குக் கட்டாயம் போகும், அவர்களுக்குப் பெரும்பாலும் கெடுதி இல்லை, ஆனால் அவர்கள் பெறும் ஆண் பிள்ளைகளில் பாதிக்குப் பாதி என்று டொக்டர் சொன்னார். அண்ணாவின் மகள், எங்கள் கொறற்றிக்கு இப்போது இருபத்து மூன்று வயது. கட்டியிருப்பாள். ஆண் பிள்ளை இருக்கிறதா? இருந்தால் அந்தக் குளிசையை மட்டும் கொடுக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். கிளெமென்றுக்கு மூன்று போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். இப்போது எழும்பி நடக்கிறான்.

பேர்ணடெற்


வெள்ளவத்தை
20.04.1991

திருமதி பேர்ணடெற் அவர்கட்கு,

உங்கள் மகன் பிழைத்தது நல்லது. மற்றவற்றுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன். முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்த பழக்கம்.

முதலாவது, தந்தி. 1968 நவம்பர் ஆறாம் திகதி பொலநறுவைத் தபாற்கந்தோரில் ஒரு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே எழுதிக் கொடுத்தேன். அப்போது எனக்கும் காய்ச்சல். "ஹெக்டருக்குக் காய்ச்சல். குளிசைக்குப் பின் சலம் கறுப்பு. உடன் வரவும்." பதில் வரவில்லை. செத்தவீட்டில் உங்கள் தகப்பனார், தந்தி ஏதும் கிடைக்கவில்லை என்று பத்துப் பேருக்கு முன்னால் சொன்னார். நான் பொய் சொல்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நீங்களோ அந்த வரியை இன்றைக்கும் பாடமாக வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் தந்தி வந்திருக்கிறது. வந்ததா இல்லையா?

இரண்டாவது, உங்கள் அம்மா. எங்களுடையது பதிவுக் கந்தோரில் எழுதிய கலியாணம். உங்கள் வீட்டுக்கும் பிடிக்கவில்லை, எங்கள் வீட்டுக்கும் பிடிக்கவில்லை. அது இருக்கட்டும். சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று "நஞ்சு வச்சவள், இவளைத் தொட விடாதேங்கோ" என்று அவர் கத்தினார். என் வாசற்படியில் இல்லை, உங்கள் கோயில் முற்றத்தில். மாதம்பிட்டிச் சவக்காலையில் நான் கேற்றுக்கு வெளியே நின்றேன். ஒரே வீட்டில் ஒரே காய்ச்சல். ஒரே போத்தலில் இருந்து இரண்டு பேரும் குளிசை எடுத்தோம். அவர் போனார், நான் எழும்பி நின்றேன். என்னிடம் உங்கள் ஆட்கள் கண்ட குற்றம் அதுதான்.

மூன்றாவது, கொறற்றி என்று இங்கே யாரும் இல்லை. அந்தப் பெயர் அவரோடு போய்விட்டது. எனக்கு மகள் என்று ஒருவரும் இல்லை. இதைப் பற்றி இனி எழுத வேண்டாம். தந்தி பற்றி மட்டும் எழுதலாம்.

அருந்ததி


கொட்டாஞ்சேனை
26.04.1991

அண்ணி,

வந்தது.

ஏழாம் திகதி காலை வந்தது. நான்தான் கையெழுத்து வைத்து வாங்கினேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா அப்படியே குசினிப் படியில் இருந்துவிட்டு, "பீற்றருக்கும் இப்பிடித்தான் வந்தது" என்றா.

பீற்றர் அம்மாவின் தம்பி. மாகோவில் ரெயில்வேயில் வேலை பார்த்தவர். ரெயிலில் அடிபட்டுச் செத்தார் என்றுதான் எங்களுக்கெல்லாம் சொல்லி வளர்த்தார்கள். அன்றைக்குத்தான் உண்மை தெரிந்தது. 1946இல் மலேரியாவுக்கு ஏதோ குளிசை கொடுத்து, சலம் கறுத்து, ஐந்தாம் நாள் போயிருக்கிறார். பிரேதத்தை எடுக்கப் போன அம்மாவிடம், "இந்த வகை மருந்தை உங்கட ஆக்களுக்கு ஒருநாளும் குடுக்க வேண்டாம்" என்று அங்கே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி சொல்லி அனுப்பினாராம். அம்மாவுக்குக் கீழே இரண்டு தங்கச்சிமார் கலியாணத்துக்கு இருந்தார்கள். இரத்தத்தில் கெட்ட வருத்தம் உள்ள குடும்பம் என்று கதை கிளம்பினால் யார் வருவார்? ரெயில் என்றால் விபத்து. விபத்துக்கு வம்சம் இல்லைத்தானே.

"அப்ப உடனே தந்தி அடிப்பம் அம்மா, குளிசையை நிப்பாட்டச் சொல்லி" என்றேன். சத்தியமாகச் சொன்னேன் அண்ணி. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா. எங்கள் தபாற்கந்தோரில் தந்தி எடுக்கிறவர் சவுந்தரநாயகத்தின் சொந்தச் சித்தப்பா. அந்த மாதம்தான் சவுந்தரநாயகம் வீட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டிருந்தார்கள். "நாங்கள் ஒண்டும் எழுத வேண்டாம். அங்க டொக்டர்மார் இருக்கினம். நான் அந்தோனியாருக்கு நேர்ந்து கொள்ளுறன்" என்றா. கொச்சிக்கடைக்கு நடந்து போய் மெழுகுதிரி கொளுத்தினா. நான் தந்தியை மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. நான் குழந்தை இல்லை. வேறு தபாற்கந்தோர் புறக்கோட்டையில் இருந்தது, நடந்தே போயிருக்கலாம். போகவில்லை. சவுந்தரநாயகத்தை எனக்குப் பிடித்திருந்தது.

ஒன்பதாம் திகதி அண்ணா போய்விட்டார். செத்தவீட்டில் அம்மா கத்தினது உங்களைப் பார்த்து இல்லை அண்ணி, தன்னைப் பார்த்துத்தான். கத்தாவிட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும் என்று சாகும்போது என்னிடம் சொன்னா. அது உங்களுக்கு ஆறுதல் இல்லை என்று தெரியும். எண்பத்து மூன்றில் வெள்ளவத்தை எரிந்தபோது, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று ஆள் விட்டு விசாரித்தேன். இருக்கிறீர்கள் என்றார்கள். அந்தோனியாருக்குப் போய் அழுதேன். அப்போதும் வரவில்லை.

என்னைத் திட்டி எழுதுங்கள். ஆனால் அந்தப் பெட்டையிடம் சொல்லிவிட்டேன் என்றும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். டொக்டர் லுத்பியா எழுதித் தந்த மருந்துப் பெயர்கள் இதோடு இருக்கின்றன.

பேர்ணடெற்


வெள்ளவத்தை
09.05.1991

பேர்ணடெற்,

உங்கள் கடிதத்தை வாசித்த அன்றே பதில் எழுத இருந்தேன். எழுதியதைத் தபாலில் சேர்க்காதது நல்லது. உங்கள் அம்மா பாவி என்று தொடங்கி நாலு பக்கம் எழுதினேன். மூன்று நாள். தந்தி போன பிறகு மூன்று நாள் அவர் உயிரோடு இருந்தார். ஒரு வரி வந்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேன்.

ஏழாம் திகதி பகல் அவர் குளிசையைத் தள்ளிவிட்டு, "வேண்டாம் அருந்து, இது எனக்கு ஏதோ செய்யுது" என்றார். சீட்டில் பதினாலு நாள் என்று எழுதியிருந்தது. குறையில் விட்டால் காய்ச்சல் திரும்பும் என்று எழுதியிருந்தது. நான் சீட்டுப்படி நடக்கிறவள். "பச்சைப் பிள்ளை மாதிரி அடம்பிடிக்காதேங்கோ, நானும்தானே எடுக்கிறன்" என்று வாயைத் திறக்கச் சொல்லி நாக்கில் வைத்தேன். எட்டாம் திகதியும் வைத்தேன். நீங்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை. என் கைதான் கொடுத்தது என்று உங்கள் அம்மா சொன்னது பொய் இல்லை.

நாலாம் பக்கத்தில் பேனை நின்றுவிட்டது. கலியாணத்துக்காக ஒரு சாவை மறைத்த பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். வெளியில் யாருக்கும் இதுவரை சொன்னதில்லை.

அவர் போன பிறகு பிள்ளையோடு இங்கே என் அண்ணா நாகேந்திரத்திடம் வந்தேன். அண்ணாவுக்கும் இரத்தினம்மா அண்ணிக்கும் பிள்ளை இல்லை. பிள்ளைக்கு ஒன்றரை வயதுகூட இல்லை. கொட்டாஞ்சேனை வேதக்காரனுக்குப் பிறந்தவள், தகப்பனைத் தின்றவள் என்று ஊர் சொல்லும், யாழ்ப்பாணத்தில் ஒரு வீடும் இவளை எடுக்காது என்று அண்ணா சொன்னார். தங்கள் பிள்ளையாகப் பதிந்தார்கள். வதனி என்று பெயர் வைத்தார்கள். நான் சம்மதித்தேன். அண்ணாவின் தங்கச்சி என்ற முறையில் அவள் என்னை மாமி என்று கூப்பிடுகிறாள். பதினேழு வருஷம் ஒரே வீட்டில் என் கையால் சோறு போட்டேன், தலை இழுத்துப் பின்னிவிட்டேன், கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் மாமி முறைக்கு ஆராத்தி எடுத்தேன். இரத்தினம்மா அண்ணி மூன்று வருஷத்துக்கு முன் காலமானபோது வதனி என் மடியில் விழுந்து "மாமி, எனக்கு அம்மா இல்லாமல் போச்சே" என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

எண்பத்தாறில் கட்டிக் கொடுத்தோம். நல்ல இடம். மருமகன் ஸ்ரீஸ்கந்தராசா புத்தளத்தில் வங்கியில் இருக்கிறார். மகன் பிரணவனுக்கு மூன்றரை வயது. புத்தளத்தில் மலேரியா வராத வீடு இல்லை.

இப்போது சொல்லுங்கள். அவளிடம் என்னவென்று எழுதுவேன்? "உன்ர அப்பா செத்த மருந்து" என்று எழுதினால் அப்பா சாய்மனைக் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கிறார். அண்ணாவுக்கு இருதய வருத்தம் வேறு. "அவளின்ர வாழ்க்கையைக் குலைச்சுப் போடாதை" என்கிறார்.

அருந்ததி


கொட்டாஞ்சேனை
14.05.1991

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கிணற்றடியில் இருந்து வாசித்தேன், வீட்டில் யாரும் என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று. மாமி என்று கூப்பிடக் கேட்டுக்கொண்டு எப்படி இருந்தீர்கள்? எனக்கென்றால் நெஞ்சு வெடித்திருக்கும்.

புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். அரைவாசி சொன்னால் வேலை செய்யாது. என் அம்மா மெழுகுதிரி கொளுத்தினது அரைவாசி. மறைத்துக் கட்டின என் கலியாணத்தில் இருபத்திரண்டு வருஷமாக நான் நல்லாய்த்தான் இருக்கிறேன். அந்தச் சுகம் எதால் வந்தது என்று எனக்குத் தெரியும். சவுந்தரநாயகத்திடம் போன கிழமைதான் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "கேட்டிருந்தாலும் கட்டித்தான் இருப்பன், விசரி" என்றார். அதைக் கேட்டு நான் அழுத அழுகை உங்களுக்குச் சொல்லி முடியாது. ஒன்றுக்கும் உதவாத பயத்துக்காக அண்ணாவைக் கொடுத்திருக்கிறோம்.

நான் புத்தளத்துக்குப் போய்ச் சொல்லட்டுமா? என்னை யாரென்றே தெரியாத பிள்ளைக்கு முன்னால் நின்று சொல்ல நான் தயார். நீங்கள் ஓம் என்று எழுதுங்கள்.

பேர்ணடெற்


வெள்ளவத்தை
08.06.1991

பேர்ணடெற்,

நீங்கள் போக வேண்டாம். நான் எழுதிவிட்டேன். எப்படி எழுதினேன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. "இந்தக் குளிசை எங்கட குடும்பத்துக்கு ஒத்துவராது. பிரணவனுக்குக் கொடுக்க வேண்டாம்" என்று எழுதி டொக்டர் எழுதித் தந்த துண்டையும் வைத்தேன். எங்கட குடும்பம் என்று எழுதும்போது எந்தக் குடும்பம் என்று நினைத்தேனோ தெரியாது.

அவளுடைய பதில் நேற்று வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"மாமி, உங்களுக்கு இப்ப எல்லாத்துக்கும் பயம். பள்ளிக்கூடத்தால ஓய்வெடுத்தாப் பிறகு வீட்டில இருந்து யோசிக்கிறியள். அப்பா வவுனியாவில ஸ்டேசன் மாஸ்ரரா இருக்கேக்க அந்தக் குளிசையை எத்தனை தரம் எடுத்தவர்? அவருக்கு ஒண்டும் வரேல்லை. அப்பாவுக்கு ஒத்துவந்தது என்ர பிள்ளைக்கு ஏன் ஒத்துவராமல் போகும்? இவரும் அதைத்தான் கேட்டுச் சிரிக்கிறார். ஆரும் சாத்திரியார் சொன்னவரோ?"

அவள் யோசித்த விதத்தில் பிழையே இல்லை. நான் கொடுத்த தரவு பொய். அந்தத் தரவை வைத்துக்கொண்டு யாரும் இந்த விடைக்குத்தான் வருவார்கள். என்னிடம் படித்த பிள்ளை அல்லவா.

அடுத்த மாதம் பிரணவனைக் கூட்டிக்கொண்டு இங்கே வருகிறாளாம். நேரில் சொல்வேன். கடிதத்தில் முடியாதது முகத்தைப் பார்த்தால் முடியும் என்று நினைக்கிறேன். அதுவரை அவனுக்குக் காய்ச்சல் வரக் கூடாது என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் அம்மாவின் மெழுகுதிரியைப் பற்றி இனி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அருந்ததி


வெள்ளவத்தை
07.07.1991

பேர்ணடெற்,

பிள்ளை பிழைத்துவிட்டான். முதலில் அதை எழுதுகிறேன், நீங்கள் மூச்சை விட்டுக்கொண்டு மற்றதை வாசிக்கலாம்.

ஜூன் இருபத்தைந்தாம் திகதி அங்கே காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. இரத்தம் சோதித்து, குளிசை கொடுத்து, இரண்டாம் நாளே சலம் கறுத்து, கண் மஞ்சளாகி, இருபத்தெட்டாம் திகதி வாடகை வான் பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுவந்தார்கள். அண்ணாவும் நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கட்டிலில் பிள்ளை மெழுகு போல வெளுத்துக் கிடந்தான். மருமகன், அவருடைய தாயார், வதனி எல்லோரும் நிற்கிறார்கள். அண்ணாவின் கையில் கோப்பிப் போத்தல்.

டொக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். "மலேரியா கடுமையாகி இப்படி வரலாம். மருந்தாலும் வரலாம். மருந்து என்றால் இரத்தத்தில் பரம்பரைக் குறை இருக்க வேண்டும். இப்போது சோதித்தால் சில வேளை சரியாகத் தெரியாது. அம்மாவின்ர பக்கத்தில ஆருக்காவது இப்படி வந்ததா?" வதனி இல்லை என்றாள். "என்ர அப்பா இவர்தான். இதே குளிசையை எத்தனை தரம் எடுத்தவர். ஒண்டும் வரேல்லை" என்று அண்ணாவைக் காட்டினாள். "அப்படியெண்டால் மலேரியாவாத்தான் இருக்கும், மருந்தை நிப்பாட்டக் கூடாது" என்று டொக்டர் சீட்டை எடுத்தார். நேர்ஸ் மிஸ்ஸி குளிசையைக் கரைக்கச் சின்னக் கோப்பையைக் கழுவினா.

நேரில் சொல்வேன், தனியே இருத்திச் சொல்வேன், எந்த வசனத்தில் தொடங்குவேன் என்றெல்லாம் மூன்று கிழமையாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "குடுக்க வேண்டாம் டொக்டர். இவளின்ர அப்பா அந்தக் குளிசையாலதான் செத்தவர்" என்றேன்.

எல்லோரும் கோப்பிப் போத்தலோடு நிற்கிற அண்ணாவைப் பார்த்தார்கள்.

"இவர் என்ர அண்ணா. இவளின்ர அப்பா ஹெக்டர். அறுபத்தெட்டாம் ஆண்டு பொலநறுவையில், மூன்றாம் குளிசையோட சலம் கறுத்து, நாலு நாளில போனவர். அவரின்ர தாயின்ர தம்பியும் அப்படித்தான். தங்கச்சியின்ர மகனும் இந்த வருஷம் தப்பினவன்." டொக்டருக்கு நான் யார், யாருக்கு யார் என்பது தேவைப்படவில்லை. மூன்று பேரும் தாய் வழியா என்று மட்டும் கேட்டு, ஓம் என்றதும் குளிசையை வெட்டி எழுதிவிட்டு இரத்தம் ஏற்ற ஆளைக் கூப்பிட்டார்.

வதனி கேட்டது ஒரே கேள்வி. "அப்ப என்ர அம்மா ஆர்?"

"நான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மிஸ்ஸியிடம் திரும்பி, இரத்தம் ஏற்றி முடிய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. மாமி என்றும் கூப்பிடவில்லை. சம்பந்தி அம்மா அங்கேயே "வேதக்காரப் பெட்டையை எங்கட தலையில கட்டிப் போட்டினம்" என்று அழத் தொடங்கினா. மருமகன் நல்ல மனிதர், தாயை வெளியே கூட்டிக்கொண்டு போனார். பிள்ளையைப் பார்க்க ஒவ்வொரு நாளும் போனேன். வதனி மறிக்கவில்லை. நான் வந்தால் எழும்பி வெளியே போய்விடுவாள், நான் போன பிறகு வருவாள். நேற்று நேரே புத்தளத்துக்குப் போய்விட்டார்கள்.

அண்ணா வீடு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. "நீ செய்தது சரி. ஆனால் ஒரு நிமிஷத்தில என்னைப் பிள்ளையில்லாதவனாக்கிப் போட்டாய்" என்றார். இருபத்திரண்டு வருஷம் அவர் எனக்குச் செய்ததும் அதுதான். அதை நான் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்து கொடுத்தேன்.

போகும்போது மருமகனிடம் உங்கள் விலாசத்தை வாங்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துப் பிள்ளையின் இரத்தத்தைத் திரும்பச் சோதிக்க வேண்டுமாம். அப்போது உங்களிடம் வரக்கூடும். எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றபோது நான் வாயைத் திறக்கச் சொல்லி வைத்ததையும் சொல்லுங்கள். என்னைக் காப்பாற்றிக் கதைக்க வேண்டாம்.

அருந்ததி


கொட்டாஞ்சேனை
19.10.1991

அண்ணி,

வந்தாள். வியாழக்கிழமை பகல், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அண்ணாவின் அதே நெற்றி. நான் பெயர் சொல்வதற்கு முதலே அழுதுவிட்டேன், பிள்ளை பயந்து போனான்.

"உங்களை நான் ஆன்ரி எண்டு கூப்பிடுறன். மாமி எண்டுதான் முறை. ஆனால் அந்தச் சொல்லு இனி என்ர வாயில வராது" என்றாள்.

அண்ணாவின் படங்களைக் காட்டினேன். சேட் கொலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்கிற படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். தந்தியையும் எடுத்துக் காட்டினேன். செபப் புத்தகத்துக்குள்ளேயேதான் இருந்தது. அதை வாசித்துவிட்டு மடித்து என் மடியில் வைத்தாள். நீங்கள் குளிசை வைத்த கதைக்குத்தான் கண் கலங்கினாள். "அவவும் அதே குளிசையை எடுத்துக்கொண்டுதானே குடுத்தவ" என்றாள். பிறகு கேட்டாள், "என்னை எப்பிடிக் குடுக்க மனம் வந்தது?"

அவவிடமே கேளுங்கோ பிள்ளை என்றேன். "கேட்டால் சொல்லுவா. சொன்னால் நான் மன்னிக்க வேண்டி வரும். இப்ப ஏலாது ஆன்ரி" என்றாள்.

டொக்டர் லுத்பியாவிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். பிரணவனுக்கு அந்தக் குறை இருப்பது உறுதியாகிவிட்டது. எந்த மருந்தெல்லாம் ஆகாது என்று அட்டை எழுதித் தந்தார். கழுத்தில் மாட்டிய மாதிரிக் கூடவே வைத்திருக்க வேண்டுமாம். அட்டைக்குக் குடும்ப விபரம் வேண்டும் என்று ஒரு தாளை வதனியிடம் கொடுத்தார். அவளே எழுதினாள். தாயின் தகப்பன் என்ற இடத்தில் ஹெக்டர், 1968, குளிசை. அதைச் சட்டென்று எழுதிவிட்டாள். அடுத்த வரியில், தாயின் தாய் என்ற இடத்தில், பேனை நின்றது. பிள்ளை கதிரையில் காலாட்டிக்கொண்டிருந்தான். "அந்தப் பக்கம் கொற இல்ல. விருப்பமில்லாட்டி உட்டுருங்க, பரவால்ல" என்று டொக்டர் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு எழுதினாள்.

வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றோம். வெள்ளவத்தைப் பஸ் முதலில் வந்தது. நான் அவளைப் பார்த்தேன், அவள் பார்த்துக்கொண்டே நின்று அதைப் போக விட்டாள். புறக்கோட்டைக்குப் போய்ப் புத்தளத்துக்கு ஏறிவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. குறை நினைக்காதீர்கள்.

கிளெமென்றின் அட்டையோடு வைக்கச் சொல்லி டொக்டர் அந்தத் தாளின் பிரதி ஒன்றை எனக்கும் தந்தார். வதனியைக் கேட்டேன், மாமிக்கு அனுப்பட்டுமா என்று. வேண்டாம் என்று சொல்லவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். நாலாவது வரியைப் பாருங்கள், அவளுடைய கையெழுத்து உங்களுக்குத் தெரியும்.

"என் அம்மா: அருந்ததி. வயது 50. உயிரோடு இருக்கிறா."

பேர்ணடெற்